இடது பின்சக்கரத்தில் மூன்று போல்ட்

என் மகளின் கல்யாண வரவேற்பில், இரண்டு வீட்டாரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துப் பெண்ணின் அத்தையைக் காணவில்லை. ஆளாளுக்குத் தேடினார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேரே அங்கே போனேன். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓர் அட்டையை விரித்து அதில் மண்டிபோட்டு, கைக்கண்ணாடியை எஞ்சினுக்கு அடியில் நீட்டி எதையோ படித்துக்கொண்டிருந்தாள் என் தங்கை.

“அண்ணே, இந்த வாட்டர் பம்பு நம்ம வண்டியோடது. நம்பர் அப்படியே இருக்கு!”

“உன் மருமகளுக்கு இன்னிக்குக் கல்யாணம். அது ஞாபகம் இருக்கா?”

“ரெண்டே நிமிஷம்ண்ணே. கடைசி ரெண்டு எழுத்து கிரீஸுல மறைஞ்சிருக்கு.”

அந்தப் போட்டோவில் பெண்ணின் அத்தை கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். ஆல்பம் பார்க்கிறவர்களுக்கு அதை நானே விரல் வைத்துக் காட்டுவேன். அந்த வாட்டர் பம்பு மூன்று மாதத்தில் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன். ஜெனரேட்டர்காரருக்குப் புதுப் பம்பு ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

இவள் படித்து வாங்கிய வித்தை இல்லை இது. பதினான்கு வருஷம் ஒரு மோட்டார் கம்பெனியின் உதிரிபாகக் கவுண்டரில் நின்றாள். மெக்கானிக்குகள் உடைந்ததைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். இவள் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து நம்பரைச் சொல்லுவாள். புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். அதனால் ஊரே இவளை ‘நம்பரக்கா’ என்றுதான் கூப்பிடும். இவளைவிட இருபது வயது மூத்தவர்களும் நம்பரக்கா என்பார்கள். இவளும் ‘என்னப்பா’ என்று கேட்பாள். கம்பெனி மூடியதும் நான் லாரி மராமத்துப் பார்க்கிற ஷெட்டுக்கு வந்தாள். ‘ஒரு மூலையில உக்காந்து ரசீது எழுதட்டும்’ என்று பெரிய மனது பண்ணி நான் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆறே மாதத்தில் மூலைக்குப் போனது நான்தான்.

யாரோ ஒருவர் பழைய ராணுவ ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்பி வரவே இல்லை. நான் அதன்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், நம்பர் எழுதினாள், விசாரித்தாள். ராணுவம் கழித்துப் போட்ட வண்டி எதுவும் அப்படியே அழிந்து போய்விடாது என்பது இவள் கணக்கு. எஞ்சின் மரம் அறுக்கிற இடத்தில் ஓடும். ஸ்டார்ட்டர் மோட்டார் மாவு மில்லில் இருக்கும். பிரேக் டிரம்மைக் கவிழ்த்து எவனாவது பூந்தொட்டி வைத்திருப்பான். ஒரு பல் டாக்டர் அறையில் கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுத்திருந்த இரும்பு, எங்கள் ஜீப்பின் கியர் சக்கரம்! பல் வலி என்று போனவள் வாயில் பஞ்சோடு அதை வாங்கிக்கொண்டு வந்தாள். வண்டி ஓடியது. அதைப் பார்க்க வந்தவர்கள் அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். இவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, தையல்காரர். ‘ரவிக்கை தைச்ச கையால லாரிக்குச் சட்டை தைக்கிறேன்’ என்று அலுத்துக்கொண்டே கூரைத் துணியெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுப்பார். தையலில் ஒரு பிசிறு இருக்காது.

அப்புறம்தான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஊருக்கு வெளியே ராணுவத்தின் டிரைவர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதன் பின்பக்கத்து முற்றத்தில் ஆறு பழைய வண்டிகள் புல் முளைத்துக் கிடந்தன. பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஏழெட்டு மாதம் இருந்தது. ஆறையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட உத்தரவும் ஆகியிருந்தது. இவள் மூன்று முறை போய்க் காத்திருந்து பெரிய அதிகாரியைப் பார்த்தாள்.

அவர் கறாரானவர். “போன தடவை ஒருத்தர் பண்ணிக் கொடுத்தார். உள்ளே துரு, மேலே தகரம், அதுக்கு மேலே பளபளன்னு பெயிண்ட். ஆறே மாசத்துல தரை விழுந்து போச்சு,” என்றார். “ஒண்ணு எடுத்துட்டுப் போங்கம்மா. விழா அன்னிக்கு அது தன் சொந்தக் காலில் இங்கே வந்து மைதானத்தை மூணு சுத்து சுத்தணும். என்னென்ன பண்ணினீங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் கொண்டு வரணும். சரியா இருந்தா மிச்சம் அஞ்சும் உங்களுக்கு. இல்லேன்னா விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்.”

அந்த ஐந்தையும் அன்றைக்கே இவள் கண்ணாடியை வைத்துப் படித்துவிட்டு வந்தாள். அதில் ஒன்று ஆம்புலன்ஸ். அந்த மாதிரி இன்னொன்று எங்கே இருக்கிறதென்று இவளுக்கே தெரியாது. “அதுமட்டும் கையில வந்துட்டாப் போதும்ண்ணே, எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்,” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். தனக்கென்று எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் மிட்டாய்கூடக் கேட்டதில்லை.

எழுதிக் கொண்டு வரச் சொன்னது இவளுக்குப் புதுசு இல்லை. எந்த வண்டி வந்தாலும் ஒரு நீள நோட்டுப் போடுவாள். பாகத்தின் நம்பர், கிடைத்த இடம், அப்புறம் மூன்று கட்டம்: கழற்றியது யார், மாட்டியது யார், உடைத்தது யார். அந்த மூன்றாவது கட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பள்ளிக்கூடத்துத் தண்டனைப் பட்டியலா இது? ஆனால் அதில் ‘நான்’ என்று அதிகமாக எழுதியிருப்பது இவள்தான். ‘எண்ணெய் மானியின் கண்ணாடி: அவசரப்பட்டு இறுக்கினேன், நான்.’ இப்படி. என் பேரில் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஆறில் ஒரு வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து ஏழு மாதம் வேலை பார்த்தோம். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கார்புரேட்டருக்கு ஒரு மிதவை தேடி இவள் பஸ் ஏறி வெளியூர் போனாள். வர இரண்டு நாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தங்கை வருவதற்குள் பின்சக்கரம் இரண்டையும் கழற்றிக் கிரீஸ் வைத்துவிட்டால் ஆச்சரியப்படுவாளே என்று தோன்றியது. கெட்ட நேரம் வந்தால் இப்படித்தான் நல்ல யோசனையாக வரும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய கனரக வண்டிகளில் இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு எதிர் மரை இருக்கும். அதாவது எல்லா நட்டையும் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுகிறோம் என்றால், இதை வலப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். சக்கரம் சுழல்கிற வேகத்தில் நட்டு தானாகத் தளராமல் இருப்பதற்காக அப்படி வைத்தார்கள். இது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் லாரியோடு உருண்டவன் நான். ஆனால் இடது, வலது என்று யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? எங்கள் லாரிகளுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். அதனால் ஸ்டீயரிங் பக்கம் என்றால் கை தானாக நேராகத் திருப்பும், ஸ்டீயரிங் இல்லாத பக்கம் போனால் தானாக மாற்றித் திருப்பும். கைக்கு அதுதான் பழக்கம். இந்த ராணுவ வண்டி வேறு தேசத்தில் செய்தது. அதற்கு ஸ்டீயரிங் இடது பக்கம்.

நேரே ஸ்டீயரிங் பக்கம் போய் உட்கார்ந்தேன். வீல் ஸ்பானரை மாட்டி, பலத்துக்கு நீளமான பைப்பைச் சொருகி, ஏறி மிதித்தேன். டக்கென்று போல்ட் முறிந்தது. துருப்பிடித்த இரும்பு, முறியத்தான் செய்யும் என்று அடுத்ததற்குப் போனேன். அதுவும் முறிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் மிதிக்கிற மிதி வேறு. மூன்றாவதும் போனது. முறிந்து விழுந்த துண்டைப் பொறுக்கி முனையில் இருந்த பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருந்தது. இடது பக்கத்துப் போல்ட், எதிர் மரை. நான் இத்தனை நேரமும் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷெட்டில் ஒருவரும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. யாராவது பார்த்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன், விஷயம் வெளியே வந்திருக்கும். என் சாமான் பெட்டியில் அதே பருமனில் நேர் மரைப் போல்ட் இருந்தது. மூன்றைத் தட்டி ஏற்றினேன், நட்டைப் போட்டேன், மேலே பச்சைப் பெயிண்டை அடித்தேன். உள்ளே துருவை வைத்து மேலே பெயிண்ட் அடித்த அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டைத் திறக்கவும் இல்லை.

தங்கை மிதவையோடு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஐந்து நாள் தள்ளினேன். விழாவுக்கு ஐந்து நாள் இருந்தபோது முதல் ஓட்டம் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு பண்ணினாள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு நட்டையும் தன் கையால் ஒரு முறை இறுக்குவது இவள் வழக்கம். இடது பின்சக்கரத்துக்கு வந்தாள். எதிர் மரை என்று நினைத்து அந்தப் பக்கம் திருப்பி இறுக்கப் போனவள் கையில் நட்டு கழன்று வந்தது. அடுத்ததும் வந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, இதை யாரு மாட்டினது?”

“நான்தான் மாட்டினேன், இப்ப என்னங்கற?” என்று நான் கத்தினேன். தப்பு என் பக்கம் இருந்தால் என் குரல் இரண்டு மடங்கு ஏறும். “ஏழு மாசமா ராப்பகலா உழைக்கிறேன், மூணு போல்ட்டுக்குக் கேள்வி கேக்கறியா? முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு! இங்கேருந்து மைதானத்துக்கு எவ்வளவு தூரம்? அதுக்குள்ள என்ன ஆயிடும்?”

இவள் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டாள். “ஓடுறப்போ அந்த நட்டு கழண்டா, உள்ளே உக்காந்திருக்கப் போறது நான்ண்ணே.”

அவ்வளவுதான் சொன்னாள். வண்டியை ஓட்டப்போவது இவள்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்தப் போல்ட்டுகளை மாட்டிய நாளிலிருந்து எப்படியோ அதை நினைக்காமலே இருந்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவள். வெட்கத்தில் உடம்பு கூசியது.

“நான் தேடிக் கொண்டு வரேன்,” என்றேன்.

“லேத்துல கடைய முடியாது. சாதா இரும்பு தாங்காது. பதம் பண்ணி வாங்க ரெண்டு வாரம் ஆகும்.” கொஞ்சம் யோசித்தாள். “வண்டியை மட்டும் தேடாதண்ணே. இது பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெய்லருக்கும் இதே சக்கரம், இதே போல்ட்டுதான். ரெண்டே சக்கரம் வச்சது. அதைத் தேடு.” கைக்கண்ணாடியை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

அதுவரை நான் பாகம் தேடிப் போனவன் இல்லை. சாமான் கையில் வந்தால் மாட்டுவேன், அவ்வளவுதான். அந்த மூன்று நாளில்தான் இவள் படுகிற பாடு தெரிந்தது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் ‘போய்ட்டு நாளைக்கு வாங்க’ என்றார்கள். ஒரு செங்கல் சூளையில் என்னைத் திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயசில் சுவர் ஏறிக் குதித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு நாற்றுப் பண்ணையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டி நிற்பதைக் கண்டேன். இரண்டு சக்கரம். ஓடிப்போய் அடியில் படுத்தேன். இடது சக்கரத்தின் போல்ட் முனையைச் சுரண்டினேன். ‘எல்’ இருந்தது. படுத்த இடத்திலேயே கையைத் தட்டிச் சிரித்தேன்.

“யாருங்க அது, வண்டிக்கு அடியில?” பண்ணைக்கார அம்மா பூவாளியும் கையுமாக நின்றார்.

எழுந்து விஷயத்தைச் சொன்னேன். என்னத்தையாவது ஜோடித்துச் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. “என் புத்திகெட்ட வேலையால என் தங்கச்சி ஏழு மாச உழைப்பு நாசமாப் போகுதும்மா,” என்று சொல்லிவிட்டேன்.

“நாலு மணிக்கு நாத்துக்குத் தண்ணி விடணும். அதுக்குள்ள என் வண்டி உருளணும். முடியுமா?”

“முடியும்மா.”

அந்த இடது சக்கரத்தில் இருந்த ஐந்து போல்ட்டையும் கழற்ற நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். ஸ்பானரை வலப்பக்கம் திருப்பும் முன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொன்னேன்: “இடது சக்கரம், எதிர் மரை.” பண்ணைக்கார அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐந்தும் நெளியாமல் வந்தன. அவர் வண்டி ஆள் தள்ளுகிற வண்டி, நடை வேகம்தான். அந்தச் சக்கரத்துக்கு ஐந்துமே நேர் மரையாகப் போட்டு, பக்கத்தில் பெயிண்டில் எழுதியும் வைத்து, இனிமேல் எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்கு வண்டி உருண்டது.

ஷெட்டுக்குள் நுழையும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தங்கை போல்ட்டுகளைத் துடைத்து, கண்ணாடி வைத்துப் படித்து, தட்டிப் பார்த்தாள். “நல்ல சாமான்ண்ணே,” என்றாள். அவள் வாயில் அது பெரிய பட்டம். மாட்டி முடித்ததும் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

“அதான் சரியாயிடுச்சே. அது எதுக்கு? அந்த அதிகாரி படிச்சா ‘போல்ட் உடைக்கிறவன்கிட்டயா அஞ்சு வண்டியைக் கொடுக்கறது’ன்னு கேப்பாரு. உன் ஆம்புலன்ஸ் போயிடும்மா.”

“போனாப் போகட்டும். இதை எழுதாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்.”

“அப்ப உன் பேரைப் போட்டுக்க!”

“நான் உடைக்கலையே.”

பிடிவாதத்தில் எங்கள் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் ‘என் தங்கச்சி கை பட்ட வண்டியில ஒளிவு மறைவு கிடையாது’ன்னு பெருமை அடிக்கிறீங்க. அந்தப் பெருமை உங்களுக்கு வேணும், அதுக்கு ஆகிற செலவு மட்டும் அவளோடதா?”

இந்த வீட்டுப் பெண்கள் யாரும் கத்துவதில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். மறுநாள் காலையில் முதல் ஆளாக ஷெட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து எழுதினேன். ‘இடது பின்சக்கரம், போல்ட் மூன்று: திருப்ப வேண்டிய பக்கம் திருப்பாமல் உடைத்தது நான். தவறான போல்ட்டை மாட்டிப் பெயிண்ட் அடித்து மறைத்ததும் நான்.’ கீழே கையெழுத்தும் போட்டேன். தங்கை வந்து படித்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறக்கப் போனாள்.

விழா அன்று வண்டி முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை என்னென்று சொல்ல! தெருவில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். நம்பரக்கா ஸ்டீயரிங்கில், பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் நான். மைதானத்தில் முதல் சுற்றுக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் நான் அந்த இடது பின்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு குலுக்கல் இல்லை.

பெரிய அதிகாரி மேடையை விட்டு இறங்கி வந்தார். கைதட்டல் அடங்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை, நோட்டைக் கேட்டார். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. எழுதியது தப்போ, ஆம்புலன்ஸ் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“இதை எழுதினது யாரு?”

கீழே குதித்தேன். “நான்தாங்க.”

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் ஸ்பானரைக் கேட்டு வாங்கி, முழுக்கைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து, அந்தச் சக்கரத்தின் ஐந்து நட்டையும் தானே இறுக்கிப் பார்த்தார். சரியான பக்கம் திருப்பினார். மனுஷனுக்கு விஷயம் தெரியும். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“எங்க ஒர்க்‌ஷாப்லயும் இந்த மாதிரி வண்டிக்கு எத்தனையோ போல்ட் உடைஞ்சிருக்கு. நான் சின்ன ஆபீசரா இருந்தப்போ நானே ரெண்டு உடைச்சிருக்கேன். எந்த நோட்டுலயும் அது இல்ல,” என்றார். நோட்டை மூடி என் தங்கையிடம் கொடுத்தார். “அஞ்சையும் எடுத்துட்டுப் போங்கம்மா. ஆம்புலன்ஸை முதல்ல எடுங்க, அதோட கூரை ஓட்டையாயிடுச்சு, மழை உள்ளே இறங்குது.”

தங்கை தலையை ஆட்டினாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “ஷெட்டு உங்களுதா?”

பத்திரத்தில் என் பேர்தான் இருக்கிறது. ஊரில் யார் கேட்டாலும் என்னுடையது என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மைதானத்தில், அத்தனை பேர் பார்க்கச் சொன்னேன்.

“இல்லீங்க. இவங்களோடது. நான் இவங்ககிட்ட வேலை பாக்கறேன்.”

தங்கை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு எஞ்சினை முடுக்கினாள்.

“அப்போ முதலாளி சொல்றேன், ஏறுண்ணே. போய் ஆம்புலன்ஸைப் பாப்போம்.”